அரசுச் சுற்றுச்சூழல் பணியிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஃபெல்லோஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசு கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, சுற்றுச்சூழல் துறை ஆகியவற்றில் பல ஆண்டு பணியாற்றியவர்கள் ஃபெல்லோஷிப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறோம். விடுப்பு தொடர்பான விடைகள் மத்திய அரசுப் பணியாளர்களுக்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளை ஒட்டியவை. மாநில அரசு ஊழியர்களுக்கும் அகில இந்தியப் பணியினருக்கும் தனி விதிகள் உண்டு. அவர்கள் இதே கேள்விகளைத் தங்கள் நிர்வாகப் பிரிவில் கேட்டு, அங்குள்ள விதி எண்ணோடு விடை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஃபெல்லோஷிப்னா ஸ்காலர்ஷிப் மாதிரிதானே? முடிச்சா பட்டம் கிடைக்குமா?

மூன்று வகை இருக்கின்றன. முதலாவது, பட்டம் தராத ஓராண்டு. அமெரிக்க அரசின் நிதியில் 1978-இல் தொடங்கிய ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப் இதற்கு நல்ல உதாரணம். பத்து மாதம், ஒரு பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடங்கள், பிறகு குறைந்தது ஆறு வாரம் ஓர் அமெரிக்க அலுவலகத்திலோ நிறுவனத்திலோ உடனிருந்து பணி. கையில் வருவது சான்றிதழ்தான், பட்டம் அல்ல. இந்தியாவில் இதற்கான விண்ணப்பத்தை அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை கையாளும்.

இரண்டாவது, பட்டம் தருவது. பிரிட்டனின் செவனிங் ஓராண்டு முதுகலைக்குப் பணம் தரும். ஹார்வர்டு கென்னடி பள்ளியில் பணி நடுவில் வருவோருக்கான ஓராண்டு முதுகலை இருக்கிறது. வளரும் நாடுகளிலிருந்து அதற்கு வருவோர் மேசன் திட்டத்தில் சேர்கிறார்கள். அங்கே இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. மூன்றாவது, வருகை ஆய்வாளர். ஒரு பேராசிரியரோ ஆய்வு மையமோ அழைத்தால் சில மாதம் போய் எழுதுவது. இதில் மேசையும் நூலகமும் கிடைக்கும். செலவுக்கு நீங்களேதான் வழி தேட வேண்டியிருக்கும்.

அரசு பட்ஜெட்டில் ஓடும் திட்டங்கள் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் நிற்கும். பாடத்துறைப் பட்டியலும் மாறும். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். ஒரே திட்டத்தை நம்பி உட்காராதீர்கள்.

எனக்கு 12 வருஷ சர்வீஸ். ஆனா ஆய்வுக் கட்டுரை ஒண்ணுகூட எழுதினதில்லை. எடுப்பாங்களா?

முதல் இரண்டு வகைக்கும் கட்டுரை தேவையில்லை. ஹம்ஃப்ரி கேட்பது பட்டப் படிப்புக்குப் பிறகு ஐந்தாண்டு முழுநேரப் பணி அனுபவம். மேசனுக்கு ஏழாண்டு. செவனிங் ஆண்டுக் கணக்கில் கேட்காமல் 2,800 மணி நேரம் என்று கேட்கும். உங்கள் 12 ஆண்டு எல்லாவற்றுக்கும் போதும்.

தகுதியைக் கெடுப்பது வேறு விஷயம். ஹம்ஃப்ரிக்கு, திட்டம் தொடங்கும் ஆகஸ்டுக்கு முந்தைய ஏழாண்டில் அமெரிக்காவில் ஒரு கல்வியாண்டு மேற்படிப்பு படித்திருந்தாலோ, முந்தைய ஐந்தாண்டில் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்திருந்தாலோ விண்ணப்பிக்க முடியாது. மகள் பிரசவத்துக்குப் போய் விசாவை நீட்டித்துத் தங்கியவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைத் தேதிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

என் வேலை முழுக்க இன்ஸ்பெக்‌ஷனும் கன்சென்ட் ஃபைலும்தான். இதுல கொள்கைன்னு எதை எழுதறது?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. "பருவநிலை மாற்றம் குறித்த உலகின் சிறந்த நடைமுறைகளைக் கற்க விரும்புகிறேன்" என்று எழுதுவார்கள். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தேர்வுக் குழு தேடுவது உங்கள் மேசையில் மட்டுமே கிடைக்கிற கேள்வியை.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டன. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அங்கே பணியாற்றும் பொறியாளருக்குத் தெரியும், சிக்கல் தண்ணீரோடு முடியவில்லை என்று. சவ்வூடு வடிகட்டியில் ஒதுங்கும் உப்புநீரை ஆவியாக்கினால் கலப்பு உப்பு மிஞ்சுகிறது, அதை வாங்குவார் இல்லை, மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. இசைவாணையில் (ஆலைக்கு வாரியம் தரும் அனுமதி, அதாவது கன்சென்ட்) இந்த உப்புக்கு என்ன நிபந்தனை எழுதினால் ஆலை உண்மையிலேயே பின்பற்றும்? இது கொள்கைக் கேள்விதான், அசலான கொள்கைக் கேள்வி.

அடுத்து, அந்த நாட்டில் இதற்கு எது இணை என்று ஒரு பத்தி. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி நாம் இசைவாணை தருகிறோம். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின்படி அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு வெளியேற்ற அனுமதி தருகிறார்கள். ஆலை தானே அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும், அது பொதுமக்கள் பார்க்கும் இணையத் தளத்தில் ஏறும், பொய் அறிக்கை குற்றம். நம் ஊரில் 17 வகை அதிக மாசு ஆலைகளில் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொல்லியிருக்கிறோம். ஆனாலும் கருவியின் எண்ணை வைத்து மட்டும் நடவடிக்கை எடுக்கத் தயங்குகிறோம். ஏன் அங்கே முடிகிறது, இங்கே என்ன குறைகிறது என்று கேட்டால் உங்கள் திட்டம் தயார். வனத்துறையினர் ஈடுசெய் காடு வளர்ப்பையும் (அழியும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் வளர்ப்பது) அமெரிக்காவின் சதுப்புநில ஈட்டு வங்கி முறையையும் (அழியும் சதுப்புநிலத்துக்கு ஈடாக வேறிடத்தில் மீட்டதை வாங்குவது) இதேபோல் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, திரும்பி வந்ததும் எந்தப் படிவத்தை, எந்தச் சுற்றறிக்கையை, எந்த நிபந்தனையை மாற்ற முன்மொழிவீர்கள் என்று ஒரு வரி. "விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்று முடிக்காதீர்கள்.

எந்த யுனிவர்சிட்டின்னு நானே தேர்ந்தெடுக்கலாமா?

ஹம்ஃப்ரியில் முடியாது. துறையைப் பார்த்து அவர்களே குழுவாக ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ப்பார்கள். செவனிங்கில் மூன்று படிப்புகளை நீங்களே குறிப்பிட வேண்டும், அந்தப் பல்கலைக்கழகங்களுக்குத் தனியே விண்ணப்பிக்கவும் வேண்டும். வருகை ஆய்வாளர் என்றால் முழுக்க உங்கள் தேர்வுதான்: உங்கள் கேள்வியில் வேலை செய்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, மேலே சொன்ன மூன்றையும் (உங்கள் கேள்வி, அந்நாட்டு இணை, மாற்ற நினைப்பது) அவருக்கு அனுப்புங்கள். வெறும் தன்விவரக் குறிப்புக்குப் பதில் வராது.

முதல்ல அப்ளை பண்ணணுமா, ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணுமா?

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். தேர்வானவர்கள் போக முடியாமல் நிற்பது பெரும்பாலும் அலுவலகக் கோப்பில்தான். ஹம்ஃப்ரி போன்றவற்றில் விண்ணப்பத்துக்கும் பயணத்துக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தை வீணாக்காமல், விண்ணப்பிக்கும்போதே முறையான வழியில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, தடையின்மைச் சான்று கேட்டு, கோப்பு எண் வாங்கிவிடுங்கள். தேர்வு முடிவு வந்ததும் அதே எண்ணைக் குறிப்பிட்டு விடுப்பு கேட்கலாம். புதுக் கோப்பு என்றால் எழுத்தரிடமிருந்து திரும்பத் தொடங்கும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: படிப்பின் பெயர், இடம், தொடங்கும் முடியும் தேதி, யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள், உங்கள் தற்போதைய பணியோடு அதற்குள்ள தொடர்பு. கடைசியில் சொன்னதை ஒரு பக்க அட்டவணையாகப் போடுங்கள். இடப்பக்கம் உங்கள் பணிப்பொறுப்பு, வலப்பக்கம் பாடம். குறிப்பு எழுதுபவர் அதை அப்படியே எடுத்து எழுத முடியும்.

வழக்கமாக வரும் ஆட்சேபம் "இந்தப் படிப்பு இந்தியாவிலேயே இருக்கிறதே" என்பது. போதிய வசதி இங்கேயே உள்ள பாடத்துக்கு வெளிநாட்டுப் படிப்பு விடுப்பு தரக்கூடாது என்று 1972 விடுப்பு விதிகளின் விதி 50 சொல்வது உண்மை. ஆகவே சுற்றுச்சூழல் கொள்கை என்று பொதுவாக எழுதாமல், இங்கே கிடைக்காதது எது என்று எழுதுங்கள். உதாரணமாக, அந்நாட்டு ஒழுங்குமுறை அலுவலகத்தில் உடனிருந்து பார்க்கும் ஆறு வாரம். "பணியோடு நேரடித் தொடர்பில்லை" என்ற ஆட்சேபம் வந்தால், அதே விதியில் அலுவலரின் பார்வையை விரிவாக்கித் திறனைக் கூட்டும் படிப்புக்கும் விடுப்பு தரலாம் என்று இருப்பதைச் சுட்டுங்கள்.

எந்த லீவுல போகணும்? சம்பளம் வருமா?

படிப்பு விடுப்பு. ஈட்டிய விடுப்பில் போகாதீர்கள், அது உங்கள் சேமிப்பு. படிப்பு விடுப்பு எந்த விடுப்புக் கணக்கிலும் கழியாது. தகுதிகாண் பருவம் முடித்து, அதையும் சேர்த்து ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி இருக்க வேண்டும். ஒரு முறைக்கு வழக்கமாக 12 மாதம், பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதம். பத்து மாதத் திட்டம் இதற்குள் அடங்கும். மற்ற விடுப்புகளையும் சேர்த்து எடுத்தால் மொத்தம் 28 மாதத்தைத் தாண்டக்கூடாது. அசாதாரண விடுப்பு இந்தக் கணக்கில் வராது.

வெளிநாட்டுப் படிப்பு விடுப்பில் கடைசியாக வாங்கிய ஊதியமும் அகவிலைப்படியும் வரும். வீட்டு வாடகைப்படி முதல் 180 நாளுக்கு வரும், அதற்குமேல் சான்று கேட்பார்கள். இந்தக் காலம் பதவி உயர்வு, ஓய்வூதியம், பணிமூப்பு, ஆண்டு ஊதிய உயர்வு எல்லாவற்றுக்கும் சேரும். சேராதது ஒன்றுதான்: இந்த மாதங்களுக்கு ஈட்டிய விடுப்பு வரவு வைக்க மாட்டார்கள், அரைச் சம்பள விடுப்பு மட்டும் சேரும். கிளம்பும் முன் பணிப்பதிவேட்டில் விடுப்பு ஆணை பதிவாகிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். பல ஆண்டு கழித்து ஓய்வூதியக் கோப்பில் "இடைவெளி" என்று வந்து நிற்பது இங்கே விட்ட பிழையால்தான்.

அங்க ஸ்டைபெண்ட் தர்றாங்க. அதை ஆபீஸ்ல சொல்லியே ஆகணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், விண்ணப்பத்திலேயே. விடுப்பு ஊதியத்தோடு அரசு தரும் படிப்புப் படி என்று ஒன்று உண்டு. உங்களுக்கு வரும் உதவித்தொகை அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் அந்தப் படி கிடையாது. வெளிநாட்டு விடுப்பில் பாதிப்பு அவ்வளவுதான். உள்நாட்டிலேயே படித்தால் உதவித்தொகையை விடுப்பு ஊதியத்திலேயே கழிப்பார்கள், ஆனால் அரைச் சம்பள அளவுக்குக் கீழே போகவிட மாட்டார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஊதியம் போய்விடுமோ என்று பயந்து மறைத்தவர்களுக்குப் பிறகு வருவது பிடித்தமும் ஒழுங்கு நடவடிக்கையும்.

எனக்கு 55 வயசு. இனிமே விடுவாங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பிப் பணியில் சேரும் நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் ஓய்வு வயது வரக்கூடாது. ஓய்வு 60 என்றால் 57-க்குள் திரும்பியாக வேண்டும். பத்து மாதத் திட்டத்துக்கு 56-ஐ ஒட்டிக் கிளம்ப வேண்டும். விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று முன்பே சொன்னோம், ஆகவே 55 என்பது கடைசி வண்டி. வருகை ஆய்வாளராக மூன்று மாதம் ஈட்டிய விடுப்பில் போவதற்கு இந்தத் தடை இல்லை.

என் மேல 17(பி) மெமோ இருக்கு. அது முடியட்டும்னு காத்திருக்கணுமா?

தமிழ்நாடு அரசு ஊழியர்கள் கேட்பது. 17(பி) என்பது பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு. ஃபெல்லோஷிப் விண்ணப்பத்துக்கு அது தடையல்ல. தடையின்மைச் சான்றுக்கும் விழிப்புப்பணிச் சான்றுக்கும் தடைதான். விளக்கம் கொடுக்காமல் கிடந்தால் உடனே கொடுங்கள், விசாரணை அலுவலர் நியமிக்கப்படாமல் கிடந்தால் விரைந்து முடிக்கக் கேட்டு மனு கொடுங்கள், தேதியோடு நகல் வையுங்கள். மறைத்துவிட்டுச் சான்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

எஃப்சி-2ன்னு ஒண்ணு சொல்றாங்களே, ஸ்காலர்ஷிப்புக்கு விலக்கு இல்லையா? நான் வாரிய ஊழியர்தானே, அரசு ஊழியர் இல்லையே?

இரண்டு கேள்வியும் நல்ல கேள்விகள், இரண்டிலும் தடுக்கி விழுகிறார்கள். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டு தனி விஷயங்களைப் பேசுகிறது. ஒன்று பங்களிப்பு. அதில் உதவித்தொகைக்குப் பிரிவு 4 விலக்கு தருகிறது. மற்றது வெளிநாட்டு விருந்தோம்பல்: பயணச் செலவு, இலவசத் தங்குமிடம், உணவு, போக்குவரத்து, மருத்துவம். இதற்குப் பிரிவு 6-இன்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். விமான டிக்கெட்டும் தங்குமிடமும் வெளிநாட்டவர் தருகிறார்கள் என்றால், உதவித்தொகை விலக்கைக் காட்டி இதைத் தாண்ட முடியாது.

பிரிவு 6 அரசு ஊழியரோடு நிற்கவில்லை. அரசுக்குச் சொந்தமான, அல்லது அரசின் கட்டுப்பாட்டிலுள்ள எந்த அமைப்பின் ஊழியருக்கும் பொருந்தும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினர் இதில் வருவார்கள். இந்த அனுமதிக்கான விண்ணப்பமான எஃப்சி-2 படிவத்தை இணையத்தில் நிரப்பி, அழைப்புக் கடிதத்தையும் துறையின் நிர்வாக ஒப்புதலையும் இணைக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன் சேர வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் முன் அனுப்புங்கள், ஏனென்றால் துறையின் ஒப்புதல்தான் தாமதமாகும்.

மேலதிகாரி "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்"ங்கறார். எழுதிக் கொடுக்கலாமா?

கடிதத்தை அவரே எழுத வேண்டும். உங்கள் கட்டுரையின் நடையும் பரிந்துரையின் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு உதவியாக ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவருக்குக் கீழ் நீங்கள் முடித்த மூன்று வேலைகள், ஆண்டு, எத்தனை ஆலை, எத்தனை ஹெக்டேர், என்ன மாறியது. "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயனில்லை. பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பார்த்தவர் எழுதுவதே எடுபடும்.

குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாமா?

அமெரிக்கா என்றால் உங்களுக்கு ஜே-1 விசா, மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஜே-2. ஹம்ஃப்ரி குடும்பச் செலவுக்குப் பணம் தராது. ஒவ்வொருவருக்கும் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர், அவசர வெளியேற்றத்துக்கு 50,000, உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப 25,000 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஒருவருக்கென்று தரும் உதவித்தொகையில் நான்கு பேர் இருப்பது மிகக் கடினம். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் வந்து போவது பலருக்குச் சரியாக அமைகிறது.

ஆபீஸ் டேட்டாவை அங்க கொண்டுபோய் எழுதலாமா? அரசைக் குறை சொல்ற மாதிரி வந்துட்டா?

விடுப்பில் இருந்தாலும் நடத்தை விதிகள் உங்களோடு வரும். மத்திய அரசுப் பணியாளருக்கு 1964-ஆம் ஆண்டு விதிகளில் 9-ஆம் விதி அரசை விமர்சிப்பதையும் 11-ஆம் விதி அலுவலகத் தகவலை வெளியே தருவதையும் தடுக்கின்றன. கோப்புக் குறிப்பு, ஒப்புதலாகாத ஆய்வறிக்கை, ஆலை தந்த வணிக விவரம் எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

ஆனால் பொதுவெளியில் இருப்பதே ஏராளம். பரிவேஷ் தளத்தில் சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள், பசுமைத் தீர்ப்பாய ஆணைகள், தணிக்கைத் துறை அறிக்கைகள், அரசாணைகள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 1.1.2019 முதல் தடை செய்ததைப் பற்றி எழுத அந்த அரசாணையும் சட்டமன்றக் கொள்கை விளக்கக் குறிப்புகளும் போதும். "தடை தோற்றது" என்று எழுதாமல், பொருள்களைப் பொதியும் பிளாஸ்டிக் உறைகளுக்கு இருந்த விலக்கு அமலாக்கத்தை எப்படிச் சிக்கலாக்கியது என்று எழுதுங்கள். விதியும் மீறப்படாது, கட்டுரையும் பயன்படும். பெயரின் கீழ் "கருத்துகள் தனிப்பட்டவை" என்று போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், அந்த வரி 9-ஆம் விதியிலிருந்து காப்பாற்றாது.

2024 டிசம்பர்ல ஸ்கில்ஸ் லிஸ்ட்லேர்ந்து இந்தியாவை எடுத்துட்டாங்களே. ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்ங்கற விதி இப்ப இல்லையே?

உங்களுக்கு இருக்கிறது. ஜே-1 விசாவில் போனவர்களுக்கான அந்த இரண்டாண்டு விதி மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்றால் வரும்: திறன் பட்டியல் (எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்கா வெளியிடும் ஸ்கில்ஸ் லிஸ்ட்), அரசு நிதி, மருத்துவப் பயிற்சி. நீக்கப்பட்டது முதல் காரணம் மட்டும். அமெரிக்க அரசின் பணத்தில் போகும் ஹம்ஃப்ரியில் இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது. அதன்படி ஊருக்குத் திரும்பி மொத்தம் இரண்டாண்டு இருந்த பிறகே வேலைக்கான எச்-1பி, எல் விசாவோ குடியேற்ற விசாவோ வாங்க முடியும். சுற்றுலா விசாவுக்குத் தடையில்லை.

பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் ஆய்வாளர் வகை ஜே-1-இல் போனவர்களுக்கு வேறொரு கட்டுப்பாடு: அந்தத் திட்டம் முடிந்தபின் 24 மாதம் அதே வகையில் மறுபடி போக முடியாது. இரண்டு மாத அழைப்புக்கு இந்த வகையில் போய்விட்டு, அடுத்த ஆண்டு நல்ல வாய்ப்பை இழக்காதீர்கள். குறுகிய கால ஆய்வாளர் என்ற வகையில் டிஎஸ்-2019 படிவம் (ஜே-1 விசாவுக்காக அழைக்கும் நிறுவனம் தரும் சான்று) தரச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்பி வந்து வேலையை விட்டுட்டா என்ன ஆகும்?

விடுப்புக்கு முன் மூன்றாண்டு பணியாற்றுவதாகப் பிணைப்பத்திரம் எழுதித் தருகிறீர்கள். நிரந்தரப் பணியாளருக்கும் அல்லாதவருக்கும் படிவம் வேறு, சரியானதை வாங்குங்கள். இடையில் விலகினாலோ, திரும்பாமல் இருந்தாலோ, படிப்பை முடிக்காவிட்டாலோ, விதி 63-இன்படி விடுப்பு ஊதியம், படி, அரசு செய்த செலவு அனைத்தையும் வட்டியோடு கட்ட வேண்டும். பலர் கவனிக்காத வரி ஒன்று அதில் இருக்கிறது: வெளிநாட்டு அரசோ அறக்கட்டளையோ உங்களுக்காகச் செய்த செலவும் அந்தத் தொகையில் சேரும். பணத்தைக் கட்டிய பிறகே விலகலை ஏற்பார்கள். உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற அனுமதித்தால் இது பொருந்தாது.

இந்த மூன்றாண்டும் முன் கேள்வியில் சொன்ன இரண்டாண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

படிச்சுட்டு வந்ததும் சம்பந்தமே இல்லாத சீட்ல போட்டுட்டா?

நடக்கிறது. திரும்பும் நாளில் உங்கள் பழைய இடத்தில் வேறொருவர் இருப்பார். இதைத் தடுக்க உரிமை என்று எதுவும் இல்லை. செய்யக்கூடியவை மூன்று. திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, எந்தப் பிரிவில் இருந்தால் கற்றதைப் பயன்படுத்த முடியும் என்று துறைக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை, மாற்ற நினைத்த படிவத்தையோ நிபந்தனையையோ, வரைவாகவே தயாரித்துக் கொண்டுவாருங்கள். சேர்ந்ததும் சான்றிதழோடு பணி அறிக்கை தர வேண்டும், அந்த வரைவை அதில் இணைப்பாக வையுங்கள்.

நூறு பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. இரண்டு பக்கத்தில் "தற்போதைய நிபந்தனை, முன்மொழியும் நிபந்தனை, காரணம்" என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் அது கோப்பாகி மேலே போகும். நீங்கள் எந்த இருக்கையில் இருந்தாலும் அந்தக் கோப்பு நகரும்.